முதல்முறை தனியாக வியட்நாம்: கிளம்பும் முன் வரும் பயங்களும் கேள்விகளும்

டூர் கம்பெனி கிடையாது, கூட வர ஆள் கிடையாது, இறங்கும் இடத்தில் சொந்தக்காரர் யாரும் கிடையாது. இப்படி முதன்முதலாக வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுவாகப் பேசினால் எதற்கும் உதவாது என்பதால் ஒரே நாட்டை எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்திலிருந்து தனியாகப் போகிறவர்கள் இப்போது வியட்நாமை அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 இறுதியில் திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் விட ஆரம்பித்தார்கள். எனக்கும் பழகிய நாடு அது.

டிக்கெட் போட்ட நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதோ?

தூக்கம் போவதற்கும் சரிப்பட்டு வராததற்கும் சம்பந்தமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வரும் பயத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதி, ஒரு வேலையைச் செய்தால் தீர்ந்துவிடுவதாக இருக்கும்: விசா கிடைக்குமா, கார்டு வேலை செய்யுமா, ஏர்போர்ட்டிலிருந்து எப்படிப் போவது. அவற்றை மறுநாள் பகலில் ஒவ்வொன்றாக முடித்து அடித்துவிடுங்கள். மீதி, அங்கே போய் நின்றால்தான் தீரும்: தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா, யாரும் முறைத்துப் பார்ப்பார்களா, ரூமில் தனியாகப் படுக்க முடியுமா. இவற்றை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் தீராது. யூடியூபில் இன்னும் பத்து வீடியோ பார்த்தாலும் தீராது, கூடத்தான் செய்யும்.

இந்த இரண்டாவது வகைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, பயணத்தைப் பன்னிரண்டு நாளாக நினைக்காமல் இறங்கும் அன்றைய பகல், ராத்திரி, மறுநாள் காலை என்ற அளவுக்குச் சுருக்கிக்கொள்வது. அந்த ஒரு நாளை மட்டும் நிமிஷக் கணக்கில் திட்டமிடுங்கள். மற்ற நாட்களைப் பற்றி அங்கே போய்க் கவலைப்படலாம். அப்போது கவலைப்பட விஷயமும் குறைவாக இருக்கும்.

ஒன்று மட்டும். பயணம் இல்லாத நாளிலும் இதே படபடப்பு, மூச்சடைப்பு இருந்தால் அது பயணப் பயம் இல்லை. டாக்டரைப் பாருங்கள், பயணத்தையும் அவரிடம் சொல்லுங்கள்.

விசாவில் ஏதாவது தப்பாகி ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டால்?

வியட்நாமுக்கு இ-விசா போதும். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். கொடுத்த பணம் திரும்ப வராது. தேடினால் அரசுத் தளம் மாதிரியே இருக்கும் ஏஜென்சித் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும், கட்டணமும் இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். முகவரி ‘கவ் டாட் விஎன்’ (gov.vn) என்று முடிகிறதா என்று பாருங்கள். மூன்று வேலை நாள் என்று சொல்வார்கள். நீங்கள் மூன்று வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். அவர்கள் ஊர் விடுமுறை நாட்கள் நமக்குத் தெரியாது.

விண்ணப்பத்தில் எந்த ஏர்போர்ட் வழியாக நுழைகிறீர்கள் என்று கேட்பார்கள். டிக்கெட்டில் இருப்பதையே போடுங்கள். விசா வந்ததும் அதை அச்சடித்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எண், பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓ-வும் சைபரும் மாறிப்போவது சர்வசாதாரணம். ஏர்போர்ட்டில் பிரச்சினை ஆகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஓர் எழுத்தால்தான் ஆகிறது.

பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் கட்டம் காலி. டிக்கெட்டில் என்ன போடுவது?

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது. இனிஷியலை விரிக்காமல் பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு வரும். விமான நிறுவனங்கள் சில பெயரையே இரண்டு முறை போடச் சொல்கின்றன, சில வேறு விதமாகச் சொல்கின்றன. எனவே உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் படித்து அதன்படி போடுங்கள். விசா விண்ணப்பத்தில் மட்டும் பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரியில் அம்புக்குறிகளோடு அச்சடித்திருக்கிறதே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். அப்பா பெயரைச் சேர்த்துப் போட்டுச் ‘சரி’ பண்ணப் பார்க்காதீர்கள்.

பணம் எவ்வளவு, எப்படி எடுத்துப்போவது? லட்சக்கணக்கில் நோட்டு என்கிறார்களே?

அவர்கள் பணம் டாங். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். ஆகவே ஒரு லட்சம் டாங் என்று யாராவது சொன்னால் மூன்று சைபரைத் தூக்கிவிட்டு, மீதியை மூன்றேகாலால் பெருக்குங்கள்: முந்நூற்றிச் சொச்சம் ரூபாய். முதல் நாள் மண்டை காயும். அப்புறம் பழகிவிடும்.

பழகாத ஒன்று உண்டு. 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம் மாதிரிதான். இரண்டிலும் அவர்கள் தேசத்தலைவர் ஹோ சி மின் படம். ஒன்று நம் கணக்கில் அறுபத்தைந்து ரூபாய்க்குக் கிட்டத்தட்ட, இன்னொன்று ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கும் மேல். ராத்திரி வண்டியிலிருந்து இறங்கும்போது, மங்கலான வெளிச்சத்தில், பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கையில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பெரிய நோட்டைப் பர்ஸில் தனி அறையில், முடிந்தால் தனிப் பையிலேயே வையுங்கள். பின்பக்கத்தில் ஒரு பழைய பாலம் இருந்தால் அது இருபதாயிரம். அது ஹோய் ஆன் ஊரிலுள்ள ஜப்பானியப் பாலம். பிற்பாடு நீங்களே போய்ப் பார்ப்பீர்கள்.

ரொக்கமாகக் கொஞ்சம் டாலர், கிழியாத மடங்காத நோட்டுகளாக. கூடவே ஒரு டெபிட் கார்டு அல்லது வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு, வேறு பையில் இன்னொரு கார்டு. நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கி ஆப்பில் போய் நாமேதான் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் கிளம்பி, அங்கே ஏடிஎம் முன்னால் நின்று வியர்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். தெருக்கடையில் கார்டு செல்லாது, ரொக்கம்தான்.

போன்?

இறங்கியதும் பெட்டி எடுக்கும் இடத்தைத் தாண்டி வெளியே வந்தால் வரிசையாக சிம் கவுண்ட்டர்கள். வியட்டெல் எடுத்தால் மலைப்பக்கத்திலும் சிக்னல் கிடைக்கும். பாஸ்போர்ட் கேட்பார்கள். போன் இடம் கொடுத்தால் இ-சிம்மை (அட்டை செருகாமலே போனில் ஏற்றிக்கொள்ளும் சிம்) ஊரிலேயே வாங்கிக்கொள்வது இன்னும் நிம்மதி.

இந்திய சிம்மைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங் திறந்திருந்தால்தான் வரும். அதே காரணத்தால் கிராப் ஆப்பையும் ஊரிலேயே இறக்கி, எண்ணைச் சரிபார்த்து வைத்துவிடுங்கள். நம் ஊர் ஓலா, ஊபர் போலத்தான். காரும் வரும், பச்சைச் சட்டை போட்டு பைக் ஓட்டுபவரும் வருவார், ரொக்கமாகக் கொடுக்கலாம்.

ஹனோயில் இறங்கியதிலிருந்து படுக்கும்வரை என்ன நடக்கும்? நிஜமாகவே ஒவ்வொன்றாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். வயிற்றைப் பிசைவது இந்தச் சில மணி நேரத்துக்காகத்தான்.

முதலில், விமானம் பகலில் இறங்குவதாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. நடுராத்திரியில் இறங்கினால் எந்த ஊரும் அநியாயத்துக்கு மிரட்டும்.

ஏர்போர்ட் பெயர் நொய் பாய். குடியேற்ற அதிகாரி பெரும்பாலும் ஒன்றும் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். பாஸ்போர்ட்டைப் புரட்டுவார், உங்களைப் பார்ப்பார், மறுபடி புரட்டுவார். அந்த மௌனத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். முன்னால் நின்றவருக்கும் அதேதான். விசாவின் அச்சுப் பிரதி, திரும்பும் டிக்கெட், முதல் ஹோட்டல் முகவரி மூன்றும் கையில் இருந்தால் போதும்.

வெளியே வந்ததும் ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று சிலர் கூடவே நடந்து வருவார்கள். நிற்காமல் தலையை ஆட்டிவிட்டு நடங்கள். ஊருக்குள் போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கிராப் போடலாம். ஆரஞ்சு நிறத்தில் 86-ஆம் எண் பஸ் ஒன்று பழைய நகரப் பகுதி வழியாக ரயில் நிலையம் வரை போகிறது. முதல்முறை போகிறவருக்கு நான் சொல்வது இரண்டும் இல்லை: ஹோட்டலுக்கே எழுதி வண்டி அனுப்பச் சொல்லுங்கள். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தால் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஊரில் தூக்கம் வரும். சிக்கனத்தை இரண்டாம் நாளிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம்.

ஹோட்டல் பழைய நகரப் பகுதியில் இருக்கட்டும். அங்கே கட்டிடங்கள் எல்லாம் குறுகலாக, நெட்டையாக, உள்ளே நீளமாகப் போகும். அதனால் மலிவான அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. முன்பதிவில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணில் படாது. களைத்துப்போய் வந்து, ஜன்னலில்லாத அறையில் தனியாகக் கதவைச் சாத்தும்போது வரும் திணறல் இருக்கிறதே, அதை முதல் ராத்திரி யாரும் அனுபவிக்க வேண்டியதில்லை. ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்துப் போடுங்கள். இன்னொன்று: சின்ன ஹோட்டல்களில் ராத்திரி பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டு, பையன் வரவேற்பறையிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பான். மூடிவிட்டார்கள் என்று பதறாதீர்கள், மணியடித்தால் திறப்பான்.

அன்று சாயங்காலம் எந்த இடத்தையும் ‘பார்க்க’ப் போகாதீர்கள். குளியுங்கள், ஹோட்டல் இருக்கும் தெருவில் இரண்டு மூலை தாண்டாமல் நடங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், படுங்கள். மறுநாள் காலை ஐந்தரை, ஆறு மணிக்கு எழுந்து ஹோவான் கியெம் ஏரிக்குப் போங்கள். ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் அங்கேதான். ஒரு பக்கம் கைகளை வீசி உடற்பயிற்சி, ஒரு பக்கம் ஸ்பீக்கர் வைத்து நடனம், நடுவில் யார் பேச்சையும் கேட்காமல் வேகவேகமாக நடக்கும் பாட்டிகள். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒரு காப்பிக்குப் பசிக்கும். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய காப்பி ஒன்று. அவர்கள் காப்பி நம் டிகாக்‌ஷனைவிடக் கடுமை, படபடப்பு உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவும்.

ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயமாக இருக்கிறது.

தங்கும் வெளிநாட்டுக்காரர் விவரத்தைப் போலீசில் பதிவு செய்ய வேண்டியது ஹோட்டலின் கடமை. அதற்காக வாங்குவார்கள். பதிவு முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள், தருவார்கள். கிளம்பும் வரை வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் நகலைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தெருவைக் கடப்பதே முடியாத காரியம் என்கிறார்களே?

ஏழு கோடிக்கு மேல் மோட்டார் பைக் பதிவாகியிருக்கும் நாடு. ஆனால் பாரிமுனையிலும் சிம்மக்கல்லிலும் கடந்து பழகியவர்களுக்கு இதில் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். மறக்க வேண்டிய மீதிப் பாதிதான் சிரமம்.

நாம் என்ன செய்வோம்? கையைக் காட்டிக்கொண்டு, இடைவெளி கிடைத்ததும் ஓடுவோம். பாதியில் வண்டி வந்தால் பின்வாங்குவோம். அங்கே இது ஆகாது. பைக் ஓட்டுபவர் தூரத்திலேயே உங்கள் நடை வேகத்தைப் பார்த்து, நீங்கள் இன்னும் மூன்று வினாடியில் எங்கே இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டு வளைந்து போகிறார். நீங்கள் ஓடினாலோ திடீரென்று நின்றாலோ பின்வாங்கினாலோ அவர் கணக்குத் தப்பிவிடும். ஆகவே ஒரே சீரான, மெதுவான நடை. வண்டிகள் ஓடையில் கல்லைச் சுற்றிப்போகும் தண்ணீர் மாதிரி இரண்டு பக்கமும் விலகிப் போகும். கார், பஸ்ஸுக்கு இது செல்லாது, அவை வளையாது. அவை போன பிறகே இறங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. நம் தலை தானாக முதலில் வலப்பக்கம் திரும்பும், வண்டியோ இடப்பக்கமிருந்து வரும். முதல் இரண்டு நாள் வாய்விட்டே ‘இடது, இடது’ என்று சொல்லிக்கொண்டு இறங்குங்கள். துணிச்சல் வரவில்லையா, பக்கத்தில் ஒரு பாட்டி கடக்கும் வரை காத்திருந்து அவரை ஒட்டியே கூட நடந்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை. ஆனால் கறி போடாத சாப்பாடு எல்லாம் சைவம் என்று நம்பிவிடக் கூடாது. கீரை வதக்கலில்கூட மீன் சாஸ் ஊற்றுவார்கள், சூப்பின் தண்ணீர் எலும்பு வேகவைத்ததாக இருக்கும். ‘கறி வேண்டாம்’ என்று சொன்னால் மேலே கிடக்கும் துண்டுகளை எடுத்துவிட்டு அதையே தருவார்கள். அவர்கள் அளவில் அது நியாயம்தான்.

நீங்கள் தேட வேண்டியது ‘சாய்’ என்ற பலகை. ஆங்கில எழுத்தில் சி, எச், ஏ, ஒய் என்று நாலு எழுத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பௌத்த வழக்கப்படியான சைவச் சாப்பாடு அது. மீன் சாஸும் இருக்காது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் இந்தக் கடைகளில் கூட்டம் நெரியும். ‘அன் சாய்’ (சைவம் சாப்பிடுகிறேன்) என்று போனில் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: தட்டில் கறி, மீன், இறால் போலவே செய்த பண்டங்கள் வந்து உட்காரும். எல்லாம் சோயாவும் காளானும்தான். பார்த்ததும் குமட்டுகிறவர்கள் டோஃபு தக்காளிக் குழம்பைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

ஹனோய், டா நாங், ஹோ சி மின் நகரம் மூன்றிலும் இந்திய உணவகங்கள் தாராளமாக உண்டு. இருந்தாலும் ரயிலுக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கும் அவல், பருப்புப்பொடி, தேங்காய்ப் பொடி ஒரு டப்பா கொண்டுபோவதில் வெட்கம் எதுவும் வேண்டாம். வெறும் சாதம் எங்கேயும் கிடைக்கும்.

மொழி ஒரு வார்த்தை தெரியாதே?

அவர்கள் எழுதுவது லத்தீன் எழுத்து, அதனால் பலகையைக் கூட்டியாவது படிக்கலாம். வாயால் சொன்னால்தான் வம்பு. ஒரே சொல்லுக்கு ஆறு விதமான ராகம் உண்டு. ராகம் தப்பினால் ஊர்ப் பெயரே அவர்களுக்குப் புரியாது. எதிரில் இருப்பவர் விழிக்கிறார் என்றால் அவருக்கு உங்கள் மேல் கோபம் என்று அர்த்தமில்லை. எழுதியதைக் காட்டுங்கள். ஹோட்டல் அட்டை ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பு ஆப்பில் வியட்நாமிய மொழியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி இறக்கி வையுங்கள். விலை பேச கால்குலேட்டர். கடைக்காரரே எடுத்து நீட்டுவார்.

ஏமாற்றுவார்களா?

சில்லறையாக, ஆமாம். ஹனோயில் தோளில் காவடி மாதிரிக் கூடைகளைச் சுமந்து வரும் பழக்காரப் பெண் அதை உங்கள் தோளில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வார், அப்புறம் பழத்துக்கு விலை சொல்வார். நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் குனிந்து உங்கள் செருப்புக்குப் பசை தடவ ஆரம்பிப்பார். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறும்போது சொன்ன தொகை இறங்கும்போது ஆளுக்கு அவ்வளவு என்றாகும். இதிலெல்லாம் போவது நூறு, இருநூறு, மிஞ்சினால் ஆயிரம் ரூபாய். மானம் போய்விட்டதாக நினைத்து அன்றைய பொழுதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வந்த ஆளிடம் கூடக் கேட்கும் ஆட்டோக்காரரைப் பார்க்காதவர்களா நாம்?

நிஜமாகவே கவனம் வேண்டியது ஹோ சி மின் நகரில் போன் பறிப்பு. பைக்கில் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நடைபாதை விளிம்பில் நின்று மேப் பார்க்காதீர்கள், கடைக்குள் ஏறிப் பாருங்கள். பையைச் சாலைப் பக்கமில்லாத தோளில் மாட்டுங்கள்.

பெண் தனியாகப் போகலாமா?

போகலாம். நான் போகிற நாடுகளில் சாயங்காலம் தனியாக நடக்க மனசு கூசாத இடங்களில் இது ஒன்று. முக்கியமான காரணம், தெருவே பெண்களுடையதாக இருக்கிறது: காப்பிக் கடை, நூடுல்ஸ் கடை, பழவண்டி எல்லாவற்றிலும் பெண்களே உட்கார்ந்திருக்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கும். முறைத்துப் பார்ப்பது குறைவு. ‘கல்யாணமாகிவிட்டதா, என்ன வயசு’ என்று கேட்பார்கள், எல்லோரிடமும் கேட்பார்கள். உங்களை எப்படி அழைப்பது என்பதற்கு அவர்களுக்கு வயசு தெரிய வேண்டும்.

பார் இருக்கும் தெருக்களில் நள்ளிரவு, குடித்தவர் பைக்கில் பின்னால் ஏறுவது, மசாஜ் கடை என்று அழைக்கும் தரகர்: இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் பயணத்துக்கு எந்த வழி? எட்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நாடு; ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்கு ரயில் பாதை மட்டும் 1,726 கிலோமீட்டர். நாளுக்கொரு ஊர் என்று போட்டால் தினமும் பெட்டி கட்டி, தினமும் புதுத் தெருவில் வழி தேடி, முதல் நாள் பயத்தைத் தினமும் புதுப்பித்துக்கொண்டிருப்பீர்கள். தனியாகப் போகிறவருக்கு மூன்றாவது ராத்திரிதான் அந்த ஊர் பழகும். காப்பிக்காரம்மா முகம் பார்த்துச் சிரிப்பார். ஆகவே பத்து, பன்னிரண்டு நாளுக்கு மூன்று ஊர், மிஞ்சினால் நாலு. ஹனோய். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் நின் பின். சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே ஆற்றில் படகு, தாம் கொக் என்ற இடத்தில் படகோட்டிகள் காலால் துடுப்புப் போடுவார்கள். பிறகு ஹுவே அல்லது ஹோய் ஆன். கடைசியாக ஹோ சி மின் நகரம்.

ஹோய் ஆனில் தங்கினால் மீ சோன் போய்வாருங்கள். அந்நாளில் வியட்நாமின் நடுப்பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் நாலாம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கோயில் கட்டிய இடம், மிஞ்சியிருப்பவை செங்கல் கோயில்கள். நன்றாக நின்றுகொண்டிருந்த பெரிய கோபுரம் 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் போயிற்று. காட்டுக்கு நடுவே ஆவுடையாரைப் பார்க்கும்போது ‘அறியாத நாடு’ என்று நாம் சொல்லிக்கொண்டு வந்தது கொஞ்சம் உதைக்கும்.

செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை நடுப்பகுதியில் மழை. அக்டோபர், நவம்பரில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மிதப்பது உண்டு. டெட் என்னும் அவர்கள் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். ரயிலில் இடம் கிடைக்காது, கடைகள் அடைத்திருக்கும். முதல்முறைக்கு இந்த இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஜனவரியில் ஹனோய் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். அதே நாளில் ஹோ சி மின் நகரில் வியர்த்துக் கொட்டும்.

ரயிலா, பஸ்ஸா, விமானமா?

நீண்ட தூரத்துக்கு உள்நாட்டு விமானம். ஆனால் ஹுவேயிலிருந்து, ஹோய் ஆனுக்குப் பக்கத்திலுள்ள டா நாங்குக்கு மட்டும் பகல் ரயிலில் போங்கள். மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஹை வான் மலையைச் சுற்றிக் கடலுக்கு மேலே ஊர்ந்து போகும். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், அந்தப் பக்க ஜன்னலாகக் கேளுங்கள். ராத்திரி ரயிலில் நாலு படுக்கை உள்ள பெட்டிக்குக் கதவு உண்டு, ஆனால் உள்ளே ஆணும் பெண்ணுமாக யார் வேண்டுமானாலும் இருப்பார்கள். அது ஒத்துவராது என்றால் எடுக்க வேண்டாம்.

படுத்துக்கொண்டே போகும் பஸ் எனக்குப் பிடிக்காது. ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, உயரமானவர்கள் காலை நீட்ட முடியாமல், வளைவுகளில் ஓட்டுநர் போகும் வேகத்தைப் பார்த்தபடி விடிய விடிய... முதல் பயணத்தில் வேண்டாம்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்திருக்கிறேன்.

இந்தியாவில் தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான அனுமதி. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானது. ஆகவே உங்களுடையது அங்கே செல்லாது. கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்பார். எடுக்காதீர்கள். ஓட்டுநரோடு பைக் கிடைக்கிறது, பின்னால் உட்கார்ந்து கடலைப் பாருங்கள்.

அம்மா தினமும் அழுகிறார். எப்படிச் சமாளிப்பது?

அவருக்கு ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிப் பயனில்லை. ஊர், ஹோட்டல் பெயர், தேதி, ஹோட்டல் போன் எண் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கையில் ஒரு தாள் இருந்தால் அவர்கள் பயம் பாதி அடங்கும்.

ஒவ்வோர் இடத்துக்குப் போனதும் மெசேஜ் போடுகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மெசேஜ் தாமதமானால் வீட்டில் ரகளையாகிவிடும், நீங்களும் ஏரியைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். நம் ஊர் எட்டு மணிச் சாப்பாட்டு நேரம் அங்கே ஒன்பதரை. படுக்கப் போகும் முன் பேசச் சரியாக இருக்கும்.

மூன்றாம், நாலாம் நாள் திடீரென்று அழுகையாக வந்தால்?

வரும். பலருக்கும் வருகிறது. முதல் இரண்டு நாள் வேகம் ஓய்ந்ததும், சாப்பாடு எதிரில் இருக்க, சொல்ல ஆளில்லாமல் தொண்டையை அடைக்கும். அன்று எதையும் சாதிக்க வேண்டாம். துணி துவைக்கப் போடுங்கள், முடி வெட்டிக்கொள்ளுங்கள், இந்தியச் சாப்பாடு சாப்பிடுங்கள். ஹோட்டலில் சமையல் வகுப்பு, நடைச் சுற்றுலா என்று அட்டை வைத்திருப்பார்கள். மறுநாளைக்கு ஒன்றில் சேர்ந்தால் நாலு பேரோடு பேச்சுக் கிடைக்கும்.

ஹோ சி மின் நகரில் இருந்தால் ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் வணிகத்துக்குப் போன நம்மவர்கள் கட்டியது. இன்று கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, ஆத்தாவிடம் அவர்கள் மொழியில் முணுமுணுக்கிறார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

உடம்பு சரியில்லாமல் போனால், பாஸ்போர்ட் தொலைந்தால்?

ஆம்புலன்ஸ் 115, போலீஸ் 113. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். வழக்கமான மாத்திரைகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்ப வேண்டாம்.

பாஸ்போர்ட் போனால் வரிசை இது: உள்ளூர்ப் போலீசில் புகார், அந்தக் காகிதத்தோடு ஹனோயில் இந்தியத் தூதரகம் அல்லது ஹோ சி மின் நகரில் துணைத் தூதரகம், அவர்கள் தரும் அவசரச் சான்றிதழோடு வியட்நாம் குடியேற்றத் துறையில் வெளியேறும் அனுமதி. சில நாள் பிடிக்கும். பாஸ்போர்ட், விசா நகல்களை மின்னஞ்சலில் போட்டு வைத்திருந்தால் அலைச்சல் குறையும்.

நம் சார்ஜர் பொருந்துமா?

இரண்டு பின் சார்ஜர் பொருந்தும். அங்கே 220 வோல்ட், நம் 230-க்குக் கிட்டத்தட்ட அதேதான். நம் மூன்று பின் பொருந்தாது.

இவ்வளவும் செய்தும் பாதியில் திரும்பி வந்துவிட்டால் எல்லோரும் சிரிப்பார்களே?

தேதி மாற்றக்கூடிய டிக்கெட், ரத்து செய்யக்கூடிய அறைகள் என்று போட்டு வையுங்கள். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் அதை உபயோகிப்பதில்லை. ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ராத்திரியில் டிக்கெட்டை மாற்றுவதில்லை. காலையில் காப்பி குடித்த பிறகும் வீட்டுக்குப் போகத்தான் தோன்றுகிறது என்றால் போங்கள். சிரிக்கிறவர்கள் உங்கள் பயணத்துக்குப் பணம் தரவில்லை.

மிச்சமாகும் டாங்கை என்ன செய்வது?

அங்கேயே, ஏர்போர்ட்டில் உள்ளே போகும் முன் டாலராக மாற்றிவிடுங்கள். நம் ஊரில் மாற்றுவது கஷ்டம். எடுத்துக்கொள்பவர்களும் அடிமாட்டு விலைதான் கொடுப்பார்கள். இருபதாயிரம், பத்தாயிரம் நோட்டுகளை வைத்திருந்து விமானம் ஏறும் முன் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு பாக்கெட் காப்பித்தூளும் வாங்கிக்கொள்ளலாம். காப்பித்தூளை ஊருக்குள்ளேயே வாங்கினால் இன்னும் மலிவு.